பெருந்தொற்றுக் காலத்தில் புலம்பெயர் முதியோர்: எழுதப்படாத அன்றாடம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு என்பது வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பதற்குரிய வேளை. நமது வழியின் நடுவே 2020ஆம் ஆண்டு குறுக்கிட்டது. அவ்வாண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. நமது மாதாந்தக் கூட்டங்கள் நின்றன. பின்னர் அவை இணையவழியே தொடர்ந்தன. அப்போதுதான் நம் கூட்டங்களுக்குச் சில புதிய செவிகள் வாய்த்தன. நமக்கு மாலை 6 மணி, ரொறன்ரோவில் கோடையில் காலை 8.30. அங்கே மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ அடைபட்டிருந்த முதியோர் சிலர் பேரப்பிள்ளைகளின் உதவியோடு வந்து கேட்டிருந்தனர். முகம் தெரியாது, விட்டம் மட்டுந்தான் தெரியும். கைத்தொலைபேசியை மேசைமேல் படுக்கவைத்துக் கேட்பவர்கள் அவர்கள். அந்த விட்டங்களுக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

அவர்களுள் ஒருவர் என் பெரியம்மா. என் தாயாரின் தமக்கையார். என் பிள்ளைப் பருவத்தில் என்னை வளர்த்தவர். பெயரைச் சபையில் சொல்லவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். வலிகாமத்தில் பிறந்து, 1995 ஒக்ரோபர் 30இல் ஊரோடு ஊராய் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கணவரை இழந்து, 2013இல் தமது 73ஆம் வயதில் மகனிடம் ஸ்காபரோ சென்றவர். மூத்தோர் பலருடைய கதையும் இதுவே. புலம்பெயர்ந்தவர் என்ற சொல்லால் அவர்களையும் குறிக்கின்றோம். ஆயினும் இளமையில் உயிர் தப்பிச் சென்றவரின் பெயர்வு வேறு. முதுமையில் பிள்ளைகளின் அழைப்பை ஏற்றுச் சென்றவரின் பெயர்வு வேறு. முன்னவர் அந்நாட்டிற் பாதை வெட்டியவர். பின்னவர் வெட்டிய பாதையில், பிறர் கைபிடித்து நடப்பவர்.

கைபிடித்து நடந்தவர் என்றேன்; எனினும் ஏழாண்டுகளில் பெரியம்மா தமக்கென ஓர் ஊரைச் சமைத்திருந்தார். செவ்வாயில் முதியோர் சங்கம், வெள்ளியில் கோயில், மற்றை நாள்களில் கடைத்தொகுதியின் நடுவேயுள்ள வாங்கு. அந்த வாங்கில் ஊரவர் நால்வர் கூடுவர். ஆங்கிலம் அறியாவிடினும் பேருந்தின் இலக்கம் அறிவார். எத்தனையாவது தரிப்பில் இறங்கவேண்டும் என்பதை விரல்விட்டு எண்ணுவார். 2020 மார்ச் 17இல் ஒன்ராறியோ மாகாணம் அவசரநிலையை அறிவித்தது. சங்கம், கோயில், நூலகம், கடைத்தொகுதி எல்லாம் சில நாள்களுக்குள் அடைபட்டன. இளையோர் இழந்தவற்றுட் பல இணையத்தில் ஏதோ ஒரு வடிவில் அவர்களிடம் திரும்பி வந்தன. வாங்குக்கு இணையத்தில் மாற்றில்லை. மொழி தெரியாத முதியவருக்கு அந்நாடு என்பதே அந்த வாங்குதான்.

அவையோரே, இங்கே என் தவறொன்றை உங்கள்முன் வைக்கவேண்டும். அதனை மறைத்து இப்பொருளைப் பேசும் தகுதி எனக்கில்லை.

நான் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்தது யாழ்ப்பாணத்து ஒப்பாரிப் பாடல்களை. செத்தவீடுகளிற் பெண்கள் கட்டிப்பிடித்துப் பாடியழும் அம்மரபைப் பற்றி ஏறத்தாழ நானூறு பக்கங்கள் எழுதியிருக்கின்றேன். எனக்குப் பாடிக் காட்டியவர்களுள் முதல்வர் பெரியம்மா. 2020 ஓகஸ்ட் மாதத்தில் என் தாயார் மாரடைப்பாற் காலமானார். கட்டுநாயக்க விமான நிலையம் மார்ச் 19 முதல் பயணிகளுக்கு மூடியிருந்தது. அது 2021 சனவரி 21இலேயே மீளத் திறந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்கத் தமக்கை வர வழியில்லை. எனவே செத்தவீட்டைக் காணொளியில் காட்டினோம். கனடா, பிரான்ஸ், நோர்வே, அவுஸ்திரேலியா என்று பல நாட்டு உறவினர் ஒரே வேளையில் இணைந்தனர். அத்தனை வீட்டுச் சத்தமும் ஒலிபெருக்கியில் மோதின. குருக்கள் சொல்வது விளங்கவில்லை. அனைவரின் ஒலியையும் அடைத்துவிடும்படி தம்பியின் மகனிடம் சொன்னவள் நான்.

அந்தியேட்டி முடிந்தபின் பெரியம்மாவின் பேத்தி எனக்குச் சொன்னாள்: "அம்மம்மா அன்றைக்குத் தொலைபேசியைப் பார்த்து முக்கால் மணித்தியாலம் பாடி அழுதவ." அங்கே அவளும் பிறரும் அம்மம்மா என்றே அழைப்பர்; மகன் வழிப் பேத்தியும் அப்படித்தான் பழகிவிட்டாள். பெரியம்மா பாடியது எங்கள் முற்றத்தில் எவர் செவியிலும் விழவில்லை. தாம் பாடியது கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. ஒப்பாரியை ஆராய்ந்து பட்டம் பெற்றவள், தன் தாய்க்காகப் பாடப்பட்ட ஒப்பாரியை ஒரு பொத்தானால் அடைத்துவிட்டாள்.

என் பிழை அதனோடும் நிற்கவில்லை. சில நாள் கழித்துப் பெரியம்மாவை அழைத்தேன். "பெரியம்மா, அண்டைக்கு நீங்கள் பாடினதைத் திருப்பி ஒருக்காச் சொல்லுவீங்களோ? நான் எழுதி வைக்கிறன்" என்றேன். சற்று நேரம் மௌனம். பின்பு சொன்னார்: "அது அண்டைக்குப் பாடினது, பிள்ளை. அவளுக்குப் பாடினது. முடிஞ்சுது. நீ எந்த நேரமும் பழசைத்தான் கேக்கிறாய். இண்டைக்கு நான் என்ன செய்தனான் எண்டு ஒருநாளும் கேக்கேல்லையே."

அந்த ஒரு வாக்கியமே இந்த உரைக்குக் காரணம். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அழைத்து, "இண்டைக்கு என்ன செய்தீங்கள்?" என்று மட்டுமே கேட்டேன். பதில்களைக் குறித்துக்கொண்டேன். அக்குறிப்புகளிலிருந்து சிலவற்றை இங்கே தருகின்றேன்.

வீடு பதினேழாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்டது. மகன் உணவுத் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை. மருமகள் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவிப் பணியாளர். பேரப்பிள்ளைகள் இருவர். மகன் காலையில் வந்து ஓர் அறையில் உறங்குவார். மற்றை அறையில் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு. பெரியம்மாவுக்கு மண்டபமும் சமையலறையும். "நான் சத்தமில்லாமல் சமைக்கப் பழகிட்டன், பிள்ளை" என்றார். வகுப்பு நடக்கையிற் சட்டி முட்டக்கூடாது, திருவலை எடுக்கக்கூடாது. பிள்ளைகளின் இடைவேளைக்குக் காத்திருந்து தேங்காய் திருவுவார். மிளகாய் வறுப்பதை அறவே விட்டார். நெடி ஏறினால் இருமல் வரும். இருமினால் வீடே திடுக்கிடும். பல்லாண்டுகள் அடுப்படியில் அதிகாரம் செலுத்திய ஒருவர் இத்தனை சிறியனவற்றைக் கைவிட்டார். அவற்றை எவரும் தியாகம் என்று பெயரிட்டுப் பாராட்டவில்லை.

இருமலைப் பற்றி மேலும் சொல்லவேண்டும். பெரியம்மாவுக்கு நெடுங்காலத் தொய்வு. ஒருமுறை மருந்தகத்திற்குப் போகையில் மின்தூக்கியில் இருமிவிட்டார். உடனிருந்த இருவர் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டனர். அன்றுமுதல் அவர் வெளியே செல்வதை நிறுத்தினார். மாடி நடைகூடத்தில் இருபது தரம் நடப்பார். நடக்கும்போது தேவாரத்தை மனத்துள் ஓதிக் கணக்கு வைப்பார். வாய்விட்டு ஓதினால் இருமல் வந்துவிடும் என்ற அச்சம். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243ஆம் பாட்டை நீங்கள் அறிவீர்கள். கோலூன்றி நடுங்கி, இருமல் இடையிட்டுப் பேசும் முதியவர், மடுவிற் குதித்து மணல் அள்ளிய இளமையை நினைந்து இரங்கும் பாட்டு. அப்புலவரின் இருமல் இரக்கத்தைத் தந்தது. 2020இல் இருமல் அச்சத்தையே தந்தது. முதியவர் தம் நோயை உணரும் முன்னரே பிறர் கண்ணில் அதனை வாசித்தார்.

ஊரடங்கு நம் முதியோருக்குப் புதிதன்று. 1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படைக் காலத்து ஊரடங்கை அறிந்தவர்கள். பதுங்குகுழியில் இரவுகளைக் கழித்தவர்கள். அம்மாள் வருத்தம் கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி ஆளணுகாமற் காத்த முறையும் அவர்களுக்குத் தெரியும். எனவே, 'தனிமைப்படுத்தல்' என்பதைப் பெரியம்மா பேரனுக்குத் துடக்கு வீட்டை உவமை காட்டி விளக்கினாராம். ஆயின் இரண்டு வேறுபாடுகளை அவரே சொன்னார். "ஷெல்லுக்குச் சத்தம் இருந்தது, இதுக்குச் சத்தமில்லை" என்பது ஒன்று. மற்றையது வேலி. ஊரடங்கு நாள்களிலும் நம் கிடுகு வேலிகளில் ஒரு பொட்டு இருந்தது. அதனூடே உப்பும் நெருப்புத் தணலும் செய்தியும் வந்துபோயின. பதினேழாம் மாடியில் வேலியுமில்லை, பொட்டுமில்லை.

'சமூக இடைவெளி' என்ற தொடரையும் இங்கே நினைக்கின்றேன். அதனை ஒரு சுகாதாரச் சொல்லாக நாம் எளிதில் ஏற்றுக்கொண்டோம். ஆனால் முற்றத்தில் தள்ளி நிறுத்தப்பட்டு, சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்த முதியோரும் நம் சமூகத்திலிருந்து அந்நாட்டிற்குச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் காதில் அத்தொடர் என்னவாக ஒலித்திருக்கும்? 'உடல் இடைவெளி' என்று சொல்லியிருக்கலாம். சொல் ஆக்குவோர் நாம், பொறுப்பும் நம்முடையது.

இனி, அச்சத்தின் ஊற்றுக்கு வருவோம். கனடாவில் முதல் அலையில் நேர்ந்த மரணங்களில் ஐந்தில் நான்கு பங்கு பராமரிப்பு இல்லங்களோடும் முதியோர் விடுதிகளோடும் தொடர்புடையன. பெரியம்மாவின் மருமகள் வேலை செய்தது அத்தகைய இல்லத்தில். அதுவரை இரண்டு இல்லங்களிற் பகுதிநேரமாக உழைத்தவர், ஏப்ரல் 22 முதல் ஓர் இல்லத்தில் மட்டுமே பணிபுரியலாம் என்ற ஆணையால் மற்றை வருமானத்தை இழந்தார். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே உடை மாற்றி, நீராடி, அதன் பின்னும் மாமியாரை நெருங்கமாட்டார். இரு பெண்களும் ஒரே வீட்டில், ஒரே அச்சத்தோடு, எதிரெதிர் மூலையில் அமர்ந்து உணவு கொண்டனர். ரொறன்ரோ நகரச் சுகாதாரப் பிரிவு 2020 மே நடுப்பகுதி முதல் யூலை நடுப்பகுதி வரை திரட்டிய விவரங்களின்படி, நகர மக்களில் 52 விழுக்காட்டினரான வெள்ளையரல்லாதோர், தொற்றுக்குள்ளானோரில் 83 விழுக்காட்டினராயிருந்தனர். காரணம் மறைபொருளன்று. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை, நெருங்கிய வீடு, பேருந்துப் பயணம் ஆகியவையே. மூன்று தலைமுறை ஒரு கூரையின்கீழ் வாழ்வதை நம் பண்பாட்டின் பெருமையாகப் பேசுகின்றோம். அந்தக் கூரையின் அளவையும் அதற்குச் செலுத்தும் வாடகையையும் பேசுவதில்லை.

பணமும் ஒரு பொருட்டே. அந்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். 2020 யூலையில் அரசு ஓய்வூதியர்க்கு ஒருமுறை 300 டொலரும், அவர்களுள் வருமானம் குறைந்தோருக்கு மேலும் 200 டொலரும் வழங்கியது. ஏழாண்டே நிறைந்த பெரியம்மாவுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. "மகன் தாறான், குறையில்லை. ஆனா கேட்டு வாங்கிறது வேறை, பிள்ளை" என்றார். அதற்கு விரிவுரை வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்டபின், முதியோர் வாடி அமர்ந்திருந்தனர் என்று கருதிவிட வேண்டாம். என் குறிப்பேட்டின் மறுபாதி வேறுவிதமானது. வாங்கில் கூடிய நால்வரும் மாலை 4 மணிக்குத் தொலைபேசியில் ஒன்றாக இணையும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டனர். இணைத்துக் கொடுப்பது பேத்தியின் வேலை. யாருக்குச் சுகமில்லை, எந்தக் கடையில் முருங்கையிலை வந்தது, முதியோருக்கென முதல் மணித்தியாலத்தை ஒதுக்கிய கடை எது என்பன பேசப்படும். என் தாயாருக்குப் பாடிய ஒப்பாரி எங்கள் முற்றத்தை எட்டவில்லை என்று பேத்தி வாயிலாக அறிந்த நாளில், அந்நால்வரிடையே பெரியம்மா மறுபடியும் அழுதார். மற்றவர்கள் சேர்ந்து அழுதார்கள். எனக்கு மறுத்த பாட்டு அவர்களுக்குக் கிடைத்தது. அது நியாயமே. அவர்கள் கேட்டது அழுவதற்கு. நான் கேட்டது எழுதிவைப்பதற்கு.

முதல் முடக்க நாள்களில் மாலை 7.30க்கு மருத்துவப் பணியாளர்களைப் போற்றி நகரத்தார் மாடங்களில் நின்று கைதட்டினர். பெரியம்மாவும் கோப்பையும் கரண்டியும் எடுத்துச்சென்று தட்டினார். "எல்லாரும் ஆருக்கோ தட்டிச்சினம்; நான் என்ரை மருமோளுக்குத் தட்டினனான்" என்றார். பக்கத்து மாடத்தில் ஒரு சீன மூதாட்டி சட்டி மூடியைத் தட்டினாராம். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. தட்டல் நின்ற பின்னும் இருவரும் அந்நேரத்துக்கு வந்து ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துச் செல்வது வழக்கமாயிற்று. ஒருநாள் தடுப்பின் விளிம்பு வழியே ஒரு தோடம்பழம் நீண்டது. மறுநாள் அவ்வழியே ஒரு கிண்ணம் பாயசம் சென்றது. வேலியில்லாத இடத்திலும் பொட்டு உண்டாயிற்று.

2021 மார்ச் 15இல் 80 வயது நிறைந்தோருக்கான தடுப்பூசிப் பதிவு இணையவழியே தொடங்கியது. ஆங்கிலமும் கணினியும் அறியாத முதியவருக்கு அது பூட்டிய கதவே. பேரன் பதிந்து கொடுத்தான். ஊசி நாளன்று பெரியம்மா பெட்டியிலிருந்து காஞ்சிபுரம் பட்டை எடுத்து உடுத்து, திருநீறு பூசிப் புறப்பட்டார். பல மாதங்களுக்குப் பின் வாசலைத் தாண்டிய நாள் அது. "கோயிலுக்குப் போறமாதிரி இருந்தது" என்றார். அங்கே பிறந்த திகதியைக் கேட்டபோது பேரன் வாய்திறக்கும் முன் தாமே ஆங்கிலத்தில் சொன்னாராம். நடைகூடத்தில் இருபது தரம் நடந்தபோது ஓதிப் பழகியது தேவாரம் மட்டுமன்று என்பதை அன்றுதான் வீட்டார் அறிந்தனர்.

கவிஞர் பெருமக்களே, நம் புலம்பெயர் இலக்கியத்தை ஆறாம் திணை என்று பெயரிட்டுப் பேசியவர் எஸ்.பொ. 1994இல் வந்த 'பனியும் பனையும்' தொகுப்பு அவ்விலக்கியத்திற்கு ஒரு மைல்கல். எண்பதுகளில் சென்ற இளைஞரின் குரலே அதன் தொடக்கக் குரல். அக்குரலில் முதியவர் பெரும்பாலும் ஊரில் விடப்பட்ட தாயாக வருவார். வெளிநாடு வந்துவிட்டாலோ யன்னலோரம் அமர்ந்து பனியைப் பார்த்துப் பனையை நினைப்பவராக வருவார். ஏக்கம் பொய்யன்று. ஆனால் ஏக்கம் மட்டுமே முதுமை என்று எழுதிவிட்டால், சத்தமின்றிச் சமைத்தவரும், இருமலை விழுங்கியவரும், மருமகளுக்காகக் கோப்பை தட்டியவரும், எண்பது வயதில் பிறந்த திகதியை அயல்மொழியிற் பழகியவரும் நம் ஏட்டில் இடம் பெறார்.

தொல்காப்பியர் முல்லைக்கு உரிப்பொருளாக இருத்தலை வகுத்தார். இருத்தல் என்பது செயலற்றிருத்தல் அன்று, பொறுத்து ஆற்றியிருத்தல். அது ஒரு செயல். பெருந்தொற்றுக் காலத்து முதியோரின் நாள்களை அத்திணையின் கண்கொண்டு நோக்கினால், பிரிவை மட்டுமே பாடிய நமக்கு ஒரு புதிய உரிப்பொருள் கிடைக்கும். அதற்கு நாம் கேள்வியை மாற்றவேண்டும். முதியோரை ஆவணக் காப்பகமாக எண்ணி, "அந்தக் காலத்தில் என்ன?" என்று கேட்பதை ஆய்வாளராகிய நாங்கள் சற்றே குறைக்கவேண்டும்.

நிறைவாக இவ்வட்டத்தினரிடம் ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வெளிநாட்டில் ஒரு முதியவர் உண்டு. பிள்ளைகள் சென்றபின் இங்கே தனித்திருக்கும் முதியவர்கள் நம் ஒழுங்கைதோறும் உண்டு. திங்களுக்கு ஒருவராக அவர்களோடு பேசி, அவர்களின் இன்றைய நாளை எழுதி வாருங்கள். இணையவழிக் கூட்டங்களை நாம் நிறுத்திவிட்டோம். ஆண்டில் இரண்டையாவது மீண்டும் நடத்துவோம். அன்று நம் சத்தம் மட்டும் அவர்களுக்குக் கேட்டது. இம்முறை அவர்களின் ஒலியைத் திறந்துவைப்போம்.

பெரியம்மாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டி நடக்கின்றது. வாங்கு மீண்டும் திறந்துவிட்டது. நால்வரில் இருவரே அங்கு வருகின்றனர். இந்த உரைக்காக நேற்று அழைத்து அனுமதி கேட்டேன். "சொல்லு. ஆனா அழுகிறமாதிரிச் சொல்லாதை" என்றார். இயன்றவரை அவ்வாறே சொல்லியிருக்கின்றேன்.